எழினி: பையனுக்கு வைக்கலாமா?

இரண்டாவது தொட்டில்

வணக்கம். இன்னும் இரண்டு மாதத்தில் எங்களுக்கு இரண்டாவது குழந்தை. பெண் என்றால் பெயர் தயார், அதில் வீட்டில் சண்டை இல்லை. பையன் என்றால் "எழினி" என்று வைக்க எனக்கு ஆசை. கல்லூரியில் புறநானூறு படித்தபோது மனதில் ஒட்டிக்கொண்ட பெயர், பத்து வருடமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன்.

மனைவிக்குப் பெயர் பிடித்திருக்கிறது. ஆனால் "அது பெண் பெயர்தானே?" என்கிறாள். என் தங்கையும் அதையேதான் சொன்னாள். அம்மா இரண்டு முறை கேட்டுவிட்டு "எளியவனா?" என்றார். இணையத்தில் தேடினால் பெண் குழந்தைப் பெயர்ப் பட்டியல்களில்தான் வருகிறது.

அரிய பெயரோடு வளர்ந்தவர்கள், அப்படிப் பெயர் வைத்துவிட்டு வருந்தியவர்கள், வருந்தாதவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். "அழகான பெயர், வாழ்த்துகள்" என்று மட்டும் எழுத வேண்டாம். அதை நானே எனக்கு நிறையச் சொல்லிக்கொண்டாயிற்று.

நூலகப்பூனை

ஆண் பெயரேதான், சந்தேகமே வேண்டாம். புறநானூறு 158-இல் பெருஞ்சித்திரனார் வள்ளல்கள் ஏழு பேரை வரிசையாகச் சொல்லும்போது அதியமானைக் குறிக்க "எழினி" என்றுதான் சொல்கிறார். அகநானூறு 36-இல் தலையாலங்கானத்துப் போரில் பாண்டியன் நெடுஞ்செழியனை எதிர்த்து நின்றவர்களில் ஒருவன் "பொலம்பூண் எழினி", பொன் நகை பூண்டவன். அதியமானின் மகன் பெயர் பொகுட்டெழினி. ஆக மூன்று பேருமே ஆண்.

இகரத்தில் முடிந்தால் பெண் பெயர் என்பதெல்லாம் பின்னால் வந்த பழக்கம். பாரி, ஓரி, காரி, நள்ளி, அஞ்சி, கிள்ளி, சென்னி, வழுதி. இதில் ஒருவராவது பெண்ணா?

தூக்கமில்லாதவள்

பூனையாரே, பட்டியல் சரி. ஆனால் பாரி, ஓரி வேறு, எழினி வேறு. பிரச்சினை இகரத்தில் இல்லை, "இனி"யில் இருக்கிறது. பாடினி, எயினி, காக்கைபாடினியார், குறமகள் இளவெயினி எல்லாம் அதே காலத்துப் பெண் பெயர்கள்தானே? நம் காது "இனி" என்று கேட்டதும் பெண் என்று முடிவு செய்வது இணையப் பட்டியலைப் பார்த்து வந்த புத்தி இல்லை, மொழிக்குள்ளேயே இருக்கிறது. மனைவியும் தங்கையும் தப்பாகச் சொல்லவில்லை.

நூலகப்பூனை

ஒத்துக்கொள்கிறேன். அந்தக் கோணத்தில் நான் யோசிக்கவில்லை.

வாசற்படி

பேசாமல் குமார் என்று வைத்துவிட்டுப் போங்களேன். குழந்தை வளரட்டும், மொழி ஆராய்ச்சியை அவன் பண்ணட்டும்.

சாக்பீஸ்

வாசற்படி அண்ணா, என் வகுப்பில் ஒரு வருடம் மூன்று குமார் இருந்தார்கள். முதல் வாரம் முடிவதற்குள் நெட்டைக் குமார், கண்ணாடிக் குமார், கடைசிவரை வெறும் "டேய்" குமார். பொதுப்பெயர் வைத்தால் பிள்ளைகள் பட்டப்பெயரைத் தேடிக்கொள்ளும். அதைப் பெற்றோர் தேர்ந்தெடுக்க முடியாது.

வாசற்படி

:) என் பெயரும் குமார்தான் டீச்சர்.

கிள்ளி நான்தான்

கேள்வியைப் பார்த்ததும் எனக்காகவே போட்டது மாதிரி இருந்தது. என் முழுப்பெயர் நலங்கிள்ளி. சோழன் பெயர், புறநானூற்றில் பாட்டே எழுதியவன். அப்பா பெருமையாக வைத்தார். பள்ளிக்கூடத்தில் சோழன் யாருக்குத் தெரியும்? கிள்ளி என்றால் கிள்ள வேண்டும், அவ்வளவுதான். மூன்றாம் வகுப்பில் இடது கை முழுக்க நகக்குறியோடு வீட்டுக்குப் போயிருக்கிறேன். அம்மா கேட்டால் கொசு என்பேன். கொசு பிறை வடிவத்தில் கடிக்காது என்று அம்மாவுக்குத் தெரியும், ஆனாலும் கேட்கவில்லை.

ஏழாம் வகுப்பில் நின்றுபோனது. ஏன் நின்றது என்று எனக்கே தெரியாது. எவனும் பெயரை மறக்கவில்லை, அலுத்துப்போய்விட்டது, அவ்வளவுதான்.

பெரியவனான பிறகு கதை வேறு. மின்னஞ்சல் முகவரி எடுத்தபோது பின்னால் எண் ஒட்ட வேண்டியிருக்கவில்லை. ஒருமுறை சந்தித்தவர்கள் பத்து வருடம் கழித்தும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். (அவர்கள் பெயர் எனக்கு நினைவிருக்காது. அது தனிச் சங்கடம்.) ஆனால் இணையத்தில் என் பெயரைத் தேடினால் சோழனுக்கு அடுத்து நான்தான் வருகிறேன். பத்தொன்பது வயதில் எங்கோ போட்ட ஒரு அசட்டுச் சண்டைப் பதிவு இன்னும் என் பெயரில் நிற்கிறது. குமாராக இருந்தால் கூட்டத்தில் ஒளிந்திருக்கலாம். அந்த வசதி எனக்கு இல்லை, உங்கள் பையனுக்கும் இருக்காது.

வருத்தமா என்று கேட்டால், இல்லை. ஆனால் எட்டு வயதில் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன்.

இரண்டாவது தொட்டில்

கிள்ளி, மிக்க நன்றி. நகக்குறி வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எழினியை வைத்து என்ன கேலி செய்வார்கள் என்று நேற்று இரவு நானும் மனைவியும் யோசித்தோம். "எலி நீ" என்றாள் அவள். பத்து வருடத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை.

தூக்கமில்லாதவள்

ஐயோ, "எலி நீ" கச்சிதமாக உட்காருகிறதே.

சாக்பீஸ்

பயப்பட வேண்டாம், எந்தப் பெயரையும் பிள்ளைகள் மூன்று நாளில் உடைத்துவிடுவார்கள். கேலியைவிட நான் கவனித்த ஒன்றைச் சொல்கிறேன்.

வருடத் தொடக்கத்தில் வருகைப் பதிவேடு வாசிக்கும்போது, பழகாத பெயர் வந்தால் என் வாய் ஒரு நொடி நின்றுவிடும். அந்த நொடியிலேயே ஒரு பிள்ளை எழுந்து நின்றுவிடும். நான் இன்னும் பெயரைச் சொல்லியிருக்க மாட்டேன், அந்த இடைவெளிதான் தன் பெயர் என்று அதற்குத் தெரியும். சில பிள்ளைகள் சிரித்துக்கொண்டே எழுந்து, "மிஸ், அது இப்படிச் சொல்லணும்" என்று சொல்லித்தரும். சிலதுகள் நான் தப்பாகச் சொன்னாலும் "ஆமா மிஸ்" என்று உட்கார்ந்துவிடும். அப்படி ஒரு பையன் வருடம் முழுக்கத் தப்பான பெயரிலேயே என் வகுப்பில் இருந்தான். ஆண்டுவிழாவில் அவன் அம்மா கூப்பிட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. இன்றைக்கும் உறுத்துகிறது.

உங்கள் பையன் எந்த வகையாக இருப்பான் என்று இப்போது சொல்ல முடியாது. எழினி என்றால் யார், எப்படிச் சொல்ல வேண்டும் என்று இரண்டே வரியில் அவனுக்கு நாலு வயதிலேயே சொல்லிக்கொடுங்கள். பெயருக்குக் கதை தெரிந்த பிள்ளைகள்தான் திருத்துவார்கள் என்பது என் அனுபவம்.

பழைய மரப்பெட்டி

தம்பி, வயதில் பெரியவன் என்ற முறையில் ஒன்று. பெயரின் கதையையும் முழுசாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அதியமான் எழினி தகடூர்ப் போரில் விழுந்தான். அரிசில்கிழார் பாடிய கையறுநிலை புறநானூறு 230-இல் இருக்கிறது. கூற்றுவனைப் பார்த்துச் சொல்கிறார்: நொடித்துப்போன உழவன் விதைநெல்லையே தின்றதுபோல இவன் உயிரைத் தின்றாயே, விட்டிருந்தால் போர்க்களத்தில் உனக்கு எத்தனை உயிர் கிடைத்திருக்கும் என்று. படித்தால் தொண்டை அடைக்கும். அப்படிப்பட்ட பாட்டு நிற்கிற பெயர். வைக்கக் கூடாது என்று சொல்லவில்லை. தெரிந்து வையுங்கள் என்கிறேன்.

வாசற்படி

ஐயா, பழைய பெயர் என்றாலே அதற்குரியவர் இறந்திருப்பார்தானே.

பழைய மரப்பெட்டி

அதுவும் சரிதான். ஆனால் நன்னன் கதை தெரியுமா? ஆற்றில் மிதந்து வந்த காயை எடுத்துத் தின்றாள் என்று ஒரு பெண்ணைக் கொன்றவன். அவள் எடைக்கு எடை பொன்பாவையும் 81 களிறும் தருகிறோம் என்று கெஞ்சியும் கேட்கவில்லை. "பெண்கொலை புரிந்த நன்னன்" என்று குறுந்தொகையில் பரணர் போட்ட முத்திரை அழியவே இல்லை. ஆனால் என் தலைமுறைக்கு நன்னன் என்றால் தொலைக்காட்சியில் பொறுமையாகத் தமிழ் சொல்லிக்கொடுத்த மா. நன்னன்தான் நினைவுக்கு வருவார். இரண்டும் ஒரே பெயர். எழினிக்கு அந்த மாதிரிக் கறை எதுவும் இல்லை, அதனால் அந்தக் கவலை வேண்டாம்.

நூலகப்பூனை

எழினிக்குத் திரைச்சீலை என்றும் பொருள் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். சிலப்பதிகாரம் அரங்கேற்றுகாதையில் மேடைக்குரிய மூன்று வகைத் திரைகள் வரும்: ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி. பெரியவனாகி நாடகக்காரன் ஆனால் பெயர் தயாராக இருக்கும்.

இன்னொன்று. ழகரம் பிள்ளைகளுக்கு நாக்கில் தாமதமாக வரும் ஒலி. அதுவரை ழ எல்லாம் ய ஆகும், பழம் "பயம்" ஆகிற மாதிரி. அதனால் ஐந்தாறு வயது வரை உங்கள் பையன் தன்னை "எயினி" என்றுதான் சொல்லிக்கொள்வான். எயினி என்றால் வேட்டுவக் குலப் பெண். தூக்கமில்லாதவள் சொன்ன அந்தப் பட்டியலில் நேராகப் போய் உட்கார்ந்துவிடுவான்.

தூக்கமில்லாதவள்

ஹாஹா. நான் இதை எதிர்பார்க்கவில்லை.

சட்டப்புழு

ஆண் பெயரா பெண் பெயரா என்ற சண்டை நீதிமன்றம் வரை போயிருக்கிறது, நமக்கு மட்டும் வந்த தலைவலி இல்லை. ஜெர்மனியில் "கிரண்" என்று மகளுக்குப் பெயர் வைத்த பெற்றோரிடம், இது ஆணா பெண்ணா தெரியவில்லை, கூடவே பெண் என்று காட்டும் இன்னொரு பெயரும் வேண்டும் என்றார்கள். 2008-இல் அரசியலமைப்பு நீதிமன்றம், தேவையில்லை, கிரணே போதும் என்றது.

ஐஸ்லாந்தில் இன்னும் வேடிக்கை. பெயர்களை ஏற்கவோ மறுக்கவோ ஒரு குழு இருக்கிறது. பெயர் அவர்கள் மொழியின் வேற்றுமை உருபுகளுக்கு வளைந்துகொடுக்க வேண்டும். மென்காற்று என்று பொருள்படும் ஒரு பெயரை மகளுக்கு வைத்தார்கள். அந்தச் சொல் இலக்கணப்படி ஆண்பால் என்று மறுத்துவிட்டார்கள். அந்தப் பெண் பதினைந்து வயது வரை அரசுத் தாள்களில் வெறும் "சிறுமி" என்றே இருந்தாள். 2013-இல் வழக்கு வென்று தன் பெயரை வாங்கினாள்.

நியூசிலாந்தில் பட்டம், பதவி போலத் தோன்றும் பெயர்களுக்குத் தடை. கிங், பிரின்ஸ், ஜஸ்டிஸ் எல்லாம் திருப்பி அனுப்பப்பட்டிருக்கின்றன. அங்கே போய் "வேந்தன்" என்று பதிந்தால் யாருக்கும் தெரியாது என்று நினைக்கிறேன். :)

அப்புறம் ருஷ்யாவில் நிகிதா ஆண் பெயர். சோவியத் தலைவர் குருச்சேவின் பெயர் அதுதான். நம் பக்கத்து வீட்டு நிகிதா யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

கிள்ளி நான்தான்

தொட்டில், ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு வாரம் அந்தப் பெயரை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். வரிசையில் காத்திருக்கும்போது, பார்சல் வாங்கும்போது, முகம் தெரியாதவரிடம் தொலைபேசியில் பேசும்போது "என் பெயர் எழினி" என்று சொல்லுங்கள். வைக்கப்போகிறவர் ஒரு வாரமாவது சுமந்து பார்க்க வேண்டாமா?

இரண்டாவது தொட்டில்

சரி, செய்கிறேன்.

இரண்டாவது தொட்டில்

(ஒன்பது நாள் கழித்து)

செய்துவிட்டேன். பல் மருத்துவரிடம் முன்பதிவு செய்தபோது "ஸ்பெல்லிங் சொல்லுங்க" என்றார்கள். இ, இசட், எச் என்று ஆரம்பித்ததும் மறுமுனையில் "இசட்டா?" என்றார்கள். காத்திருப்பு அறையில் "எஸ்ஸினி" என்று கூப்பிட்டார்கள். ஒரு கணம் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்றே எனக்குத் தெரியவில்லை. எழுந்து போனால் அந்தப் பெண் என்னைத் தாண்டி என் பின்னால் பார்த்தார், எழினியைத் தேடி.

பார்சல் கொண்டுவந்தவர் கீழேயிருந்து அழைத்தார். "எழினி மேடம் இருக்காங்களா சார்?" ழகரம் அவ்வளவு சுத்தமாக இருந்தது. அந்த ஒரு வாரத்தில் பெயரைச் சரியாக உச்சரித்த ஒரே ஆள் அவர்தான், அவரும் மேடம் என்றார். "நான்தான்" என்றேன். ஒரு நொடி மௌனம். அப்புறம் "நல்ல பேரு சார்" என்றார்.

முதல் நாள் கூச்சமாக இருந்தது, நாலாம் நாள் எரிச்சல், ஏழாம் நாள் பழகிவிட்டது. எனக்கு முப்பத்து நான்கு வயது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். "ஒரு வாரத்தில் ஏழு பேரிடம் விளக்கம் சொன்னீர்களா? அவன் எழுபது வருஷம் சொல்ல வேண்டுமே" என்றாள்.

வாசற்படி

அண்ணி பக்கம் நான்.

பழைய மரப்பெட்டி

எழுபது வருடம் சொல்ல வேண்டியிருக்காது. பத்து வருடத்தில் இன்னும் நாலு எழினி வந்துவிடும். நான் சிறுவனாக இருந்தபோது பாரி என்று ஒரு பையன்கூட எனக்குத் தெரியாது. இப்போது எங்கே பார்த்தாலும் பாரி. என் பேரனே பாரிதான். பேரன் என்ற சொல்லே பெயரன், தாத்தா பெயரைத் தாங்குபவன். என் பெயரை அவன் தாங்கவில்லை என்று எனக்குக் கொஞ்சம் குறைதான், அது வேறு விஷயம்.

தூக்கமில்லாதவள்

ஐயா, அந்தக் குறையைச் சிரித்துக்கொண்டே சொன்னதற்கு நன்றி. எங்கள் வீட்டில் அதற்காக மூன்று மாதம் பேச்சு நின்றது.

தொட்டில், "எழினியன்" என்று வைத்தால் என்ன? அன் வந்தால் ஆண் என்று யாருக்கும் புரியும்.

நூலகப்பூனை

வேண்டாமே! பாரியைப் பாரியன் என்று சொல்கிற மாதிரி. இலக்கணப் பிழை என்று இல்லை, ஆனால் பயத்தில் ஒட்டிய விகுதி மாதிரி இருக்கிறது.

தூக்கமில்லாதவள்

பயம்தானே இங்கே பேச்சே? எலி நீ, மேடம், எஸ்ஸினி மூன்றையும் சந்திக்கப்போவது குழந்தை. விகுதி அழகாக இல்லை என்பது நம் கவலை.

சட்டப்புழு

ஆங்கில எழுத்தை இப்போதே முடிவு செய்யுங்கள், அதுதான் பின்னால் கழுத்தைப் பிடிக்கும். இசட்-எச் போட்டால் தமிழருக்குப் புரியும். மற்றவர்கள் இசட்டாகவே படிப்பார்கள், சீன மொழி அறிந்தவர் ஜகரம் போலப் படிப்பார். வெறும் எல் போட்டால் எல்லோருக்கும் எளிது, ஆனால் எலினி என்று கிரேக்கப் பெண் பெயராகிவிடும். எல்-லுக்குக் கீழே கோடு போடும் ஆய்வாளர் முறை கடவுச்சீட்டில் செல்லாது. கீழே இயந்திரம் படிக்கிற இரண்டு வரி இருக்கிறதே, அதில் பெயரை எழுத 26 ஆங்கில எழுத்து மட்டும்தான், கோடும் புள்ளியும் உதிர்ந்துவிடும். பெயருக்கு 39 இடம், அதனால் நீளம் பிரச்சினை இல்லை. செம்புலப்பெயனீரார் என்று வைத்தாலும் மிச்சம் இருக்கும்.

ஈலான் மஸ்க் 2020-இல் மகன் பெயரில் 12 என்று எண் போடப் பார்த்தார். கலிபோர்னியாவில் 26 எழுத்துக்கு வெளியே போக முடியாது என்பதால் அதை ரோமன் எழுத்தில் மாற்றிக்கொண்டார். எத்தனை பணம் இருந்தாலும் விண்ணப்பப் படிவம் ஒன்றுதான்.

எதை எழுதினாலும் எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி எழுதுங்கள். ஒன்றில் இசட்-எச், இன்னொன்றில் எல் என்று போனால் ஒரே ஆள் இரண்டு ஆள் ஆகிவிடுவார்.

சாக்பீஸ்

பிறப்புச் சான்றிதழ் அச்சாகும் முன் பால் (ஆண்/பெண்) என்ற கட்டத்தையும் பாருங்கள். சொல்லிவிட்டேன்.

வாசற்படி

அதியமானுக்கே இன்னொரு பெயர் அஞ்சி. அவ்வளவு பெரிய வீரன், பெயரைக் கேட்டால் பயந்துபோனவன் மாதிரி இருக்கிறது. அதையாவது வைக்காமல் எழினியைப் பிடித்தாரே, அதுவரை சந்தோஷம்.

இரண்டாவது தொட்டில்

(ஐந்து மாதம் கழித்து)

எல்லோருக்கும் வணக்கம். பதில் போடத் தாமதம், காரணம் புரியும். பையன்தான்.

பிறந்து மூன்று நாள் பெயரே சொல்லாமல் "அவன்", "இவன்" என்று ஓட்டினோம். எழுபது வருஷக் கணக்கு என் தலையில் ஓடிக்கொண்டே இருந்தது. வழுதி என்று வைத்துவிடலாம் என்று நானே இறங்கி வந்துவிட்டேன். மனைவிதான் நாலாம் நாள் அவனைத் துடைத்துக்கொண்டே "எழினி, காலை மடக்காதே" என்றாள். நான் அவளைப் பார்த்தேன். "பழகிவிட்டது, என்ன செய்ய?" என்றாள். அத்தனை நாள் சண்டையில் வீட்டில் அதிகமாகச் சொல்லப்பட்ட பெயர் அதுதானே.

இசட்-எச் போட்டிருக்கிறோம். சாக்பீஸ் அக்கா, உங்களுக்குத் தனி நன்றி. பதிவு செய்பவர் பெயரைத் தட்டிய கையோடு பால் கட்டத்தில் "பெண்" என்று போட்டுவிட்டார். திரையைத் திருப்பிக் காட்டச் சொன்னதால் தப்பித்தோம். "பையனா?" என்று ஒரு தடவை தொட்டிலைப் பார்த்தார், மாற்றினார், வேறு எதுவும் கேட்கவில்லை.

பூனையார் சொன்னது மட்டும் முன்கூட்டியே பலித்துவிட்டது. அவன் வாய் திறக்க இன்னும் நாள் இருக்கிறது. ஆனால் மூத்தவளுக்கு நாலு வயது, ழ வராது. காலையில் எழுந்ததும் தொட்டிலைப் பிடித்துக்கொண்டு "எயினி, எயினி" என்று கத்துகிறாள். அம்மாவும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார். நேற்று நானும்.

நூலகப்பூனை

வேட்டுவப் பெண்ணுக்கு என் வாழ்த்துகள்.

கிள்ளி நான்தான்

மூன்றாம் வகுப்பில் யாராவது "எலி நீ" என்றால், என்னிடம் அனுப்புங்கள். கிள்ளிவிடுகிறேன்.